வலது காலுக்குத் தெரியாத சூடு

அன்புள்ள கோரினுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் மாடுகளும் சுகம், அப்பாவும் இருக்கிறார், அலாஸ்காக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும்.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். வைக்கோல் பரணிலிருந்து விழுந்து வைக்கோல் அள்ளும் இரும்பு வாரியின் முனை அப்பா முதுகில் ஏறியதிலிருந்து இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார், வலது கால் தப்பித்தது என்று நீ வந்திருந்தபோது எல்லோரும் சந்தோஷப்பட்டோமே, அந்தக் காலில்தான் இப்போது கேடு. போன மாதம் மேப்பிள் மரச்சாற்றைப் பாகாகக் காய்ச்சும் கொட்டகையில் கொதிக்கிற பாகை வாளியில் தூக்கி வந்தவர் தடுமாறினார், பாதி அவருடைய வலது பூட்ஸுக்குள் போய்விட்டது. அவர் பாட்டுக்கு அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டு நின்றார். பக்கத்துப் பண்ணை டுவைட்தான், "யோவ் லாயிட், உன் பூட்ஸ்ல ஆவி வருதுய்யா" என்றான். ஈரமாக இருப்பது மட்டும்தான் தெரிந்தது என்றார் அப்பா. கழற்றியபோது சாக்ஸோடு தோலும் வந்தது. நான் அழவில்லை, தண்ணீர் பிடித்து வந்து ஊற்றினேன், கை தானாக வேலை செய்தது, மனசு அப்படியே நின்றுவிட்டது, இன்னும் நகரவில்லை.

காலிலிருந்து கிளம்பும் சூடும் வலியும் முதுகுத்தண்டுக்குள் நுழைந்ததும் எதிர்ப்பக்கம் தாண்டி அந்தப் பக்கமாகத்தான் மூளைக்கு ஏறுமாம், தொட்டால் தெரிவதும் காலை அசைப்பதும் மட்டும் அதே பக்கத்து வழியாம், டாக்டரம்மா சொன்னார். அப்பாவுக்கு அடிபட்டது இடது பக்கத் தண்டு. அதனால் இடது காலுக்கு அசைவு போச்சு, வலது காலுக்குச் சூடு போச்சு. இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். வலது தொடையிலிருந்தே தோல் எடுத்து ஒட்டினார்கள், அந்த வலியும் அவருக்குத் தெரியவில்லை. கொட்டகையை இனி டுவைட் பார்த்துக்கொள்வான்.

கட்டு மாற்றும்போது அவர் காலைப் பார்ப்பதில்லை, என் முகத்தைத்தான் பார்க்கிறார். நேற்று நர்ஸ் துணியை உரித்தபோது, "மார்வா, வலிக்குதா?" என்று என்னைக் கேட்டார். வலிக்குது என்றேன். "அப்ப மெதுவா எடுக்கச் சொல்லு" என்றார்.

இங்கே சாலையில் சேறு காய்ந்த பிறகு கிளம்பி வா, இப்போது வண்டி புதைந்துவிடும். காலுறையை நன்றாக உலர்த்திப் போட்டுக்கொள். ஆண்டவர் உன்னைக் காப்பாற்றட்டும்.

அம்மா மார்வா,
வெர்மான்ட்