உள்பக்கத் தாழ்ப்பாள்

அன்புள்ள மகனுக்கு,

நானும் உன் அம்மாவும் மருமகளும் உடம்புக்கு நன்றாகவே இருக்கிறோம். உன் மகள் போன வாரம் தானாகவே குப்புற விழுந்து, தலையைத் தூக்கி எங்களை ஒரு பார்வை பார்த்தாள், வேலையைச் சோதிக்க வந்த மேஸ்திரி மாதிரி. நீ அங்கே வேளாவேளைக்கு உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். இதை ஏன் கேட்கிறேன் என்று போகப் போகப் புரியும். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

பஸ் நிலையத்து டிக்கெட் கவுண்டரில் மருமகள் மறுபடி உட்கார்ந்து மூன்று வாரம் ஆகிறது. உன் அம்மாவின் முழங்கால் ஒத்துழைக்காததால் தினமும் மத்தியானம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கே போவது நான்தான். அவளுக்கு அரை மணி நேரம் இடைவேளை. அந்த அரை மணியில் எங்கே நின்று பால் கொடுத்தாள் தெரியுமா? பெண்கள் கழிப்பறையில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். எனக்கே போன வாரம்தான் தெரியும். இரண்டு வாரம் குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், உள்ளே நாற்காலி போட்டுக் கொடுத்திருப்பார்கள் என்ற நினைப்பில். ஒருநாள் அவள் யூனிஃபார்ம் முதுகுப் பக்கம் நனைந்திருந்ததைப் பார்த்துக் கேட்டேன். குழாய் தெறிக்குது மாமா என்றாள். அப்புறம்தான் அந்த நிலையத்தார் வண்டவாளம் தெரிந்தது. நீயோ நானோ கழிப்பறையில் தட்டை ஏந்திக்கொண்டு நின்று சாப்பிடுவோமா? சாப்பிடச் சொன்னவனைச் சும்மா விடுவோமா?

இத்தனைக்கும் அங்கே பால் கொடுப்பதற்கென்றே ஓர் அறை இருக்கிறது. போன வருஷம் ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, அதோடு பூட்டியதுதான். சாவி நிலைய மேலாளரின் டிராயரில். நேரே போய்க் கேட்டேன். அது பயணிகளுக்கு, ஸ்டாஃபுக்கு இல்ல பெரியவரே என்றார். பயணிகளுக்கென்றால் பூட்டு எதற்கு என்றேன். திறந்து வெச்சா யாராவது வந்து உட்கார்ந்துடறாங்க என்கிறார். உட்காரத்தானே ஐயா அறை என்று நான் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கூச்சத்தில்தான் சாவி வந்தது. உள்ளே போனால் பழைய விளம்பரப் பலகைகள், கால் உடைந்த நாற்காலிகள், ஓர் ஏணி. இருந்ததில் உருப்படியான ஒரு நாற்காலியைத் துடைத்துக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன். அதற்குள் ஏணி எடுக்க வந்த எலக்ட்ரீஷியன் கதவைத் தள்ளித் திறந்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பதறிப்போய் அவரும் ஓடினார். மருமகள் வீறிடும் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. எந்தப் புண்ணியவான் மாமா இந்தக் கதவைச் செஞ்சது, வெளியில ரெண்டு தாழ்ப்பாள் இருக்கு, உள்ள ஒண்ணுகூட இல்லையே என்று கேட்டாள். அந்தப் புண்ணியவான் நான்தான். இந்தப் புது நிலையம் கட்டும்போது அவள் பழைய நிலையத்தில் வேலை பார்த்தாள், அதனால் கதவு மாட்டியது நான் என்று அவளுக்குத் தெரியாது. கான்ட்ராக்டர் கொடுத்த படத்தில் தாழ்ப்பாள் வெளியே என்று இருந்தது, வெளியே வைத்தேன். வெளியே மட்டும் தாழ்ப்பாள் வைப்பது சாமான் அறைக்கு. முப்பத்தெட்டு வருஷமாகக் கதவு மாட்டுகிற எனக்கு, உள்ளே உட்காரப்போவது பால் கொடுக்கிற ஒரு தாய் என்று ஒரு நிமிஷம் யோசிக்கத் தோன்றவில்லை. என் கோபத்தில் பாதி என் மேல்தான்.

மீதிப் பாதி உன் மேல். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவள் உனக்குத்தான் போன் பண்ணினாள். நீ என்ன சொன்னாய்? எதுக்கு இவ்வளவு கஷ்டம், பேசாம டப்பாப் பால் குடுத்துடு என்றாய். நல்ல மனசோடுதான் சொன்னாய், தெரியும். ஆனால் மேலாளரும் அதையேதான் சொன்னார், பக்கத்துக் கவுண்டர்க்காரரும் அதையேதான் சொன்னார். போனை வைத்துவிட்டு உன் அம்மாவிடம், அவரும் அதையே சொல்றாரு அத்தை, நான்தான் வீம்பு பிடிக்கிறேன் போலிருக்கு என்று அழுதாள். தடுப்பூசி போடுகிற நர்ஸ் என் எதிரில் சொன்னார், ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணிகூட வேண்டாம், குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும், விட்டா குறைஞ்சுடும் என்று. முடியாதவர்கள் டப்பா வாங்கட்டும், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இவளால் முடிகிறது. நாலு மாதக் குழந்தை மளமளவென்று எடை கூடியிருக்கிறது. அவளிடம் பால் இருக்கிறது, நம்மிடம்தான் ஒரு தாழ்ப்பாள் இல்லாமல் போயிற்று.

மறுநாள் பையில் திருப்புளியும் புதுத் தாழ்ப்பாளும் எடுத்துக்கொண்டு போனேன். தலைமை அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்கணும் என்றார் மேலாளர். வாங்குங்கள், அதற்குள் நான் வேலையை முடித்துவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே ஸ்க்ரூவை முடுக்கினேன். வெளித் தாழ்ப்பாள் இரண்டையும் கழற்றிவிட்டேன். உள்ளே கிடந்த பலகைகளை அவர் அறை வாசலில் அடுக்கியிருக்கிறேன், இப்போது ஒருக்களித்துத்தான் உள்ளே போகிறார். நேற்று பச்சைக் குழந்தையோடு பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெண்ணும் தயங்கித் தயங்கி உள்ளே போய் உட்கார்ந்தாள். ஆனாலும் மருமகளுக்கு மனசு விட்டுப்போயிருக்கிறது. அவரே வேண்டாம்னா நான் யாருக்காக மல்லுக்கட்டணும் என்கிறாள். பால் கொடுப்பதை இந்த மாசத்தோடு நிறுத்திவிடுவதாகப் பேச்சு. நீ சொன்ன ஒரு வார்த்தை அது, நீதான் அதைத் திருப்பி எடுக்க வேண்டும். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே அவளைக் கூப்பிட்டு, நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன் என்று சொல். அறிவுரை ஒன்றும் வேண்டாம், அது அவளுக்கு ஊரெல்லாம் கிடைக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், என்னுடையதும் உண்டு, கோபத்துக்கு அடியில் தேடிப் பார். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. தாழ்ப்பாள் மாட்டி முடித்ததும் மருமகள், யாரோ பண்ணின தப்புக்கு நீங்க இந்த வயசுல கஷ்டப்படறீங்களே மாமா என்றாள். நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். நீ உன் தப்பை அவளிடம் சொல்கிற அன்றைக்கே நானும் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். ரொம்ப நாள் என்னைக் காக்க வைக்காதே.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத
உன் அப்பா