நெற்றியில் வெள்ளை வட்டம்

செவ்வாய்க்கிழமை இரவு

பொட்டை எடுத்துவிட்டால் பாமன்கடைச் சோதனைச்சாவடியில் தமிழ்ப்பிள்ளை என்று தெரியாதாம். பக்கத்து ஃபிளாட் மாமியின் யோசனை அது. இன்று வெறும் நெற்றியோடு போனேன். ஆமிக்காரன் அடையாள அட்டையை வாங்குமுன்பே தன் நெற்றியைத் தொட்டுக் காட்டிச் சிரித்தான். ஸ்டிக்கர் பொட்டின் பசை தோலின் நிறத்தைத் தின்று, அதே இடத்தில் வெள்ளை வட்டம் விட்டிருக்கிறது.

"கிளிசரின் பூசு பிள்ளை, ரெண்டு நாளில மாறிடும்," என்றார் மாமி.

"அது ஈரத்தைத்தான் பிடிச்சு வைக்கும் மாமி. நிறம் வராது."

"டொக்டரம்மா கதைக்கிறா."

அவர் நெற்றியில் பெரிய பொட்டு. தெருமுனைக் கடையைத் தாண்டி அவர் போவதில்லை.

அம்மாவும் அவர் பக்கம். பவுடர் டப்பாவை என் புத்தகப்பையில் வைத்துவிட்டார். வெள்ளையை மறைக்க வெள்ளைப் பவுடர்.

நாளைக்கும் சாவடியில் அந்த ஆமிக்காரனே நிற்பான்.