ஐந்து டக் வைத்த பட்டுப் பாவாடை

அன்புள்ள கலைச்செல்வி அக்காவுக்கு,

நாம் இருவரும் ஒருமுறைகூடப் பார்த்துக்கொண்டதில்லை. கூடத்துச் சுவரில் இருக்கும் படமும், பீரோவின் கீழ்த்தட்டில் நீ விட்டுப்போன துணிகளும்தான் எனக்குத் தெரிந்த நீ. நீ போய் ஒன்றரை வருஷம் கழித்து இந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்தவள் நான். பெயர் சுமதி. பிறந்த ஊர் கோட்டுச்சேரி.

வயதைப் பார்த்தால் நீதான் எனக்குத் தங்கை. உனக்கு முப்பத்தொன்றோடு நின்றுவிட்டது, எனக்கு முப்பத்தாறு முடிந்துவிட்டது. ஆனாலும் இந்த வீட்டுக்குள் முதலில் கால் வைத்தவள் நீ, அதனால் அக்கா. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அவரை "என் வீட்டுக்காரர்" என்று உன்னிடமே எழுதக் கூச்சமாக இருக்கிறது. "உன் வீட்டுக்காரர்" என்று எழுதினால் நான் யாரோ ஆகிவிடுகிறேன். அவர் என்றே எழுதுகிறேன், இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும்.

அவர் சௌக்கியம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகு கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டது. போனால் ஒரு வாரம், சில நேரம் பத்து நாள். மீன் குழம்பில் புளி தூக்கல் என்று இன்னும் குறை சொல்லிக்கொண்டுதான் சாப்பிடுகிறார். உன் காலத்திலும் இப்படித்தானா, இல்லை எனக்கு மட்டும்தானா?

நான் சொல்ல வந்தது தர்ஷினியைப் பற்றி. உன் மகளுக்கு எட்டு வயது முடிந்துவிட்டது. வாய்ப்பாடு பதினாறு வரை தடுக்காமல் சொல்கிறாள். பாகற்காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்துவிட்டு, சாப்பிட்டாயிற்று என்று நம் முகத்தைப் பார்த்தே பொய் சொல்கிறாள். அந்தத் துணிச்சல் யாருடையது என்று தெரியவில்லை. அவருக்கு அது கிடையாது.

நான் பாரதியார் வீதியில் ஒரு துணிக்கடையில் குழந்தைகளின் ரெடிமேட் பிரிவில் பதினோரு வருஷமாக நிற்கிறேன். ஒரு பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அதற்கு எந்த சைஸ் என்று சொல்லிவிடுவேன். வீட்டில் தைத்த உடுப்பு என்றால் எனக்கு எப்போதுமே இளக்காரம்தான். ஓரம் கோணியிருக்கும், கழுத்து ஒரு பக்கம் ஏறியிருக்கும், காஜா பெரிதாகி பட்டன் நிற்காது. கண் முதலில் குறையைத்தான் தேடும்.

அந்தக் கண்ணோடுதான் உன் பீரோவையும் பார்த்தேன். தர்ஷினி கைக்குழந்தையாக இருந்தபோது நீ பின்னிய கம்பளிக் குல்லா, காலுறை, கைவைத்த மஞ்சள் ஸ்வெட்டர். காரைக்கால்மேட்டில் எந்தக் குளிருக்கு அக்கா இதெல்லாம்? மார்கழியிலேயே இங்கே மின்விசிறி சுற்றுகிறது. வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கண்ணி கூடுதல் இல்லை, ஒன்று குறைவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பாவாடை. உன் வளைகாப்புக்கு உன் அம்மா எடுத்த அரக்குப் பட்டுப் புடவையை வெட்டி, தர்ஷினியின் ஐந்து வயதுத் தீபாவளிக்கு நீ தைத்தது. கரைக்கு மேலே வரிசையாக ஐந்து டக் பிடித்திருந்தாய். பெண் வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிட்டால் பாவாடையும் கூடவே நீளும், அதற்குத்தான் டக். எல்லோரும் பிடிப்பதுதான். ஆனால் இரண்டு பிடிப்பார்கள், மிஞ்சிப்போனால் மூன்று. நீ ஏன் ஐந்து பிடித்தாய்?

நான் வந்த நாளில் உறவுக்காரர்கள் தர்ஷினியைச் சுற்றி நின்றுகொண்டு, "சித்தின்னு கூப்பிடு, கூப்பிடு" என்று பிடித்துத் தள்ளினார்கள். அவள் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து என்னை எப்படியும் கூப்பிடாமலேயே ஒப்பேற்றிவிட்டாள். "இங்க பாருங்க", "தண்ணி குடுங்க", அவ்வளவுதான். ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் அவள் தோழி, "இவங்க யாரு?" என்று கேட்டாள். "எங்க வீட்டுல இருக்கறவங்க" என்றாள் உன் மகள். பொய் இல்லை.

இந்த வருஷம் மாங்கனித் திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவள் அந்தப் பாவாடையை எடுத்துக் கட்டிப் பார்த்தாள். நாடா வைத்துத் தைத்திருந்ததால் இடுப்பில் பிரச்சினை இல்லை. ஆனால் பாதிக் கெண்டைக்கால் வெளியே தெரிந்தது.

"தர்ஷி, ரெண்டு டக்கப் பிரிச்சுவிட்டா கணுக்கால் வரைக்கும் வந்துடும்மா. நான் பிரிச்சுத் தரட்டா?"

"வேணாங்க."

"ஏன்?"

"அது அம்மா போட்ட தையல். பிரிச்சா போயிடும்."

மறுநாள் கடையிலிருந்து ஜரிகை வைத்த புதுப் பாவாடை ஒன்று கொண்டுவந்து கொடுத்தேன். "நல்லாருக்குங்க" என்று மரியாதையாக வாங்கிக் கட்டில்மேல் வைத்தாள். இன்னும் அது பாலிதீன் உறையோடுதான் இருக்கிறது.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை, அவள் பள்ளிக்கூடம் போயிருந்தாள், அவர் கடலில். பாவாடையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, பிளேடால் முதல் டக்கைப் பிரிக்க ஆரம்பித்தேன். வந்து பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னிடம் மறைப்பானேன்? சந்தோஷம் பாதிதான் அக்கா. உன் தையல் இந்த வீட்டில் ஒன்றாவது குறையட்டும் என்றும் உள்ளுக்குள் இருந்தது. செத்துப்போன ஒருத்தியின் மேல் பொறாமைப்படுவது எவ்வளவு அசிங்கம் என்று தெரிந்துகொண்டேதான் பிளேடை ஓட்டினேன்.

ஒரு சாண் பிரித்திருப்பேன். பிளேடு வழுக்கிப் பட்டில் மிளகளவு ஓட்டை விழுந்தது. அதைப் பார்த்துப் பதறிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. அன்று பள்ளிக்கூடம் அரை நாள் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

அவள் அழவில்லை, கத்தவில்லை. என் மடியிலிருந்து பாவாடையை எடுத்து மடித்தாள். புத்தகப்பையில் இருந்த நோட்டுகளை வெளியே எடுத்துவிட்டு அதை உள்ளே வைத்தாள். திங்கட்கிழமை முதல் அந்தப் பையோடுதான் பள்ளிக்கூடம் போனாள். நோட்டுகளைக் கையில் தூக்கிக்கொண்டு போனாள். வீட்டில் வைத்தால் நான் தொட்டுவிடுவேன் என்ற பயம்.

"தர்ஷி, தப்புதாம்மா. அழகா ஆக்கித் தரலாம்னு நெனச்சேன்" என்று இரண்டு தடவை சொன்னேன். அழகாக்க நினைத்தேன் என்பது பாதிதான் உண்மை என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆறு நாள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோற்றைப் போட்டால் சாப்பிட்டாள், தலையைக் காட்டினால் பின்னிவிட்டேன், அவ்வளவுதான். அவருக்கு போன் போட்டுச் சொல்லலாம் என்றால் நடுக்கடலில் சிக்னல் ஏது?

அந்த ஆறு நாளில்தான் உன் தையல் மெஷினின் உறையை முதல்முறையாகக் கழற்றினேன். பாவாடைக்கு நீ தைத்த சட்டை அவளுக்கு என்றோ சின்னதாகிவிட்டிருந்தது. புதுச் சட்டை நான் தைக்கிறேன் என்று உட்கார்ந்தேன். பதினோரு வருஷமாகச் சட்டை விற்கிறவளுக்கு ஒரு சட்டை தைக்கத் தெரியாதா என்ன? தெரியவில்லை அக்கா. நூல் மேலே ஓடினால் கீழே சிக்கிக்கொள்ளும். சட்டையின் வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்தேன். பிரித்து மாற்றினால் அக்குளில் துணி போதவில்லை. போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எப்படியோ சட்டை மாதிரி ஒன்றை ஒப்பேற்றினேன். அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திருவிழா அன்று காலை நான் அடுப்படியில் சாம்பாருக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து ஒரு அலறல்.

"சித்தீ! சித்தீ! ஓடியாங்களேன்!"

கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். பாவாடையை விரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஊசி. நான் பிரித்த இடத்தை அவளே தைத்துவிடப் பார்த்திருக்கிறாள். பழைய நூலின் முனையைப் புது நூலோடு முடிச்சுப் போடலாம் என்று லேசாக இழுத்திருக்கிறாள். அந்த டக்கின் மீதித் தையல் முழுவதும் ஒரே இழுப்பில் பிரிந்து வந்துவிட்டது.

"நான் ஒன்னும் பண்ணலங்க. லேசாத்தான் இழுத்தேன். எல்லாம் வந்துடுச்சு." ஆறு நாள் அடக்கிவைத்த அழுகை மொத்தமும் அப்போதுதான் வந்தது.

அவளை மடியில் சாய்த்துக்கொண்டு பாவாடையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பக்கத் தையல், நாடாப் பட்டை, கரை எல்லாம் நீ மெஷினில் இரட்டைத் தையல் போட்டிருக்கிறாய், யானை இழுத்தாலும் வராது. டக் ஐந்தும் மட்டும் கையால் போட்ட ஓட்டுத் தையல். ஒரு முனையில் முடிச்சு. மறுமுனையில் முடிச்சே போடாமல், நூலை மடிப்புக்குள் சும்மா சொருகிவிட்டிருக்கிறாய். கடை உடுப்பைப் போல நினைத்து நான் பிளேடு போட்டேனே, பிளேடே தேவையில்லை. முடிச்சைப் பிடித்து இழுத்தால் போதும், தைக்கத் தெரியாதவள்கூடப் பிரித்துவிடலாம்.

"இங்க பாரு தர்ஷி. இது கெட்டித் தையல், உங்கம்மா பிரியக் கூடாதுன்னு போட்டது. இது பாரு, பிரிக்கறதுக்குன்னே போட்டது."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே இரண்டையும் தடவிப் பார்த்தாள். "வேணும்னேவா?"

"வேணும்னேதான். நீ வளருவன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

பிறகு இரண்டாவது டக்கின் முடிச்சைத் தேடிக் கண்டுபிடித்து, பாவாடையை என் பக்கம் நகர்த்தினாள்.

"இத நீங்க இழுங்க."

இழுத்தேன். தண்ணீரில் இழுப்பது போல வழுக்கிக்கொண்டு வந்தது நூல். மடிப்புக்குள் மூன்று வருஷமாக ஒளிந்திருந்த துணி, கடையில் அப்போதுதான் பிரித்த பட்டு மாதிரி பளபளத்தது. இரண்டு நூலையும் அவள் விரலில் சுற்றி எடுத்துப் பென்சில் டப்பாவில் வைத்துக்கொண்டாள். பிளேடு போட்ட ஓட்டையை நான் நாலு தையல் போட்டு மூடினேன்.

"கோணலா இருக்குங்க."

"ஆமா. வேற ஆளக் கூப்பிட்டுப் போடவா?"

"இருக்கட்டும்" என்றாள்.

அவள் சித்தி என்று கூப்பிட்டது அப்போது என் காதில் விழுந்தும் மனதில் ஏறவில்லை. சாம்பாரைத் தாளிக்கும்போதுதான் ஏறியது. கடுகு கருகிப்போனது.

மாலையில் சாமி வீதியுலாவுக்குப் போனோம். நான் தைத்த சட்டையைத்தான் போட்டுக்கொண்டாள். அக்குள் பிடித்ததில் கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. வேண்டுதலுக்காக மாடிகளிலிருந்து மாம்பழம் வீசும்போது எல்லாப் பிள்ளைகளும் கையைத் தூக்கிப் பிடித்தார்கள், இவள் பாவாடையை விரித்துப் பிடித்தாள். கை தூக்கியவர்களுக்கு ஒன்று கிடைத்தது, இவளுக்கு நான்கு. "சித்தி, இந்தச் சட்டைதான் ராசி" என்று கூட்டத்துக்கு நடுவில் கத்தினாள். அத்தனை சத்தத்திலும் எனக்கு அது மட்டும் நன்றாகக் கேட்டது.

நேற்று அவர் கரைக்கு வந்தார். ஐந்து டக் விஷயத்தைக் கேட்டேன். அந்தத் தீபாவளிக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் டாக்டர் உன் நோயைச் சொன்னாராம். "அதுக்கு முன்னாடி அவளுக்கு எப்படித் தெரியும் சுமதி?" என்று சொல்லிவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். தெரியாமல்தான் பிடித்தாயா அக்கா? உடம்பு உன்னிடம் மட்டும் முன்கூட்டியே எதையாவது சொன்னதா? இல்லை, துணி இருக்கிறதே, எதற்கு வெட்டுவது என்று சாதாரணமாகப் பிடித்தாயா? அப்படியே இருந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இன்னும் மூன்று டக் இருக்கிறது. அவள் கேட்காமல் ஒன்றைக்கூடத் தொடமாட்டேன். பிளேடு எடுக்கமாட்டேன். சட்டை தைப்பதை விடமாட்டேன், அடுத்ததில் கையைத் தூக்க முடியும். மூன்றும் பிரிந்தால் முப்பத்துநான்கு அங்குலம் வரும். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். உன் மகள் அதோடு நிற்கிற ஜாதி இல்லை, அவர் உயரம் அப்படியே வந்திருக்கிறது. அன்றைக்கு நீ விட்டுவைத்த துணி தீர்ந்துபோயிருக்கும். அதற்கு மேல் அவள் வளர்வதெல்லாம் என் பொறுப்பு.

உன் தங்கை,
சுமதி