சாக்கடையில் தேடிய மருந்து

மார்ச் 11

மூன்றாவது மருந்துக்கும் கேட்கவில்லை. எலும்பு டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். "தொடையில வச்ச கம்பியச் சுத்திக் கிருமி படிஞ்சிருக்கும்மா. எங்ககிட்ட இருக்கிற எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அது அசையல."

லிப்ட் குழிக்குள் விழுந்து உயிரோடு வந்த மனுஷன். எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே லிப்ட் ரிப்பேர்தான் அவர் வேலை. உடைந்த எலும்பு கூடிவிடும் என்றார்கள்; கூடத்தான் செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று அவரை உள்ளே இருந்து தின்கிறது.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டார்.

"மருந்து மாத்தணுமாம்."

"பொய் சொன்னா உனக்கு மூக்கு சிவந்துடுது" என்றார்.

மார்ச் 12

நான் வேலை செய்யும் சலவைக்கூடத்துக்கு அந்த ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளும் வருகின்றன. கொதிநீரில் போட்டு, நீராவியில் தேய்த்தால் எல்லாக் கறையும் போய்விடுகிறது. இன்று வந்த மூட்டையில் அவர் படுத்த விரிப்பும் இருந்திருக்குமோ? மனுஷனை இப்படி வெளுக்க முடியவில்லையே.

மார்ச் 14

கம்பியை எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் இறங்கவில்லை.

மார்ச் 16

எலும்பு டாக்டர் ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண்ணை அழைத்து வந்தார். என்னைவிடச் சின்னவள். கட்டில் ஓரமாக நின்று, அவரிடமே நேராகப் பேசினாள். அது எனக்குப் பிடித்தது.

கிருமிகளை மட்டும் தின்னும் வைரஸ்கள் இருக்கின்றனவாம். மனித உடம்பை ஒன்றும் செய்யாதாம். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு கிருமியைத்தான் கடிக்குமாம். இவருடைய கிருமியைக் கடிப்பது எது என்று தேடிப் பிடிக்க வேண்டும்.

"எங்கம்மா தேடுவீங்க?" என்றார் இவர்.

"சாக்கடையிலதாங்க. கிருமி எங்க நெறைய இருக்கோ, அதத் தின்றதும் அங்கதான் இருக்கும்."

"அப்ப நீங்க சாக்கடை டாக்டரு."

அவள் சிரித்துவிட்டாள். "எங்க வீட்லயும் அப்படித்தான் சொல்றாங்க." போகும்போது என்னிடம் தனியாக, "கண்டிப்பாக் கிடைக்கும்னு சொல்ல மாட்டேங்க்கா" என்றாள்.

ஆஸ்பத்திரி வாசலில் பெரிய பலகை — நாளைய மருத்துவம், இன்றே இங்கே. எனக்கு நாளைய மருத்துவம் வேண்டாம். இன்று சாயங்காலத்துக்கு ஒன்று கொடுங்கள், போதும்.

மார்ச் 17

அத்தைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "என் புள்ள உடம்புல சாக்கடைத் தண்ணிய ஏத்தப் போறியா? புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?" வடிகட்டிச் சுத்தம் செய்துதான் கொடுப்பார்கள் என்றேன். காதிலேயே வாங்கவில்லை. என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே வீடு, இரண்டு பேர், அவரவர் தட்டு.

மார்ச் 21

ஆராய்ச்சிக்கூடம் போனேன். என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை.

உள்ளங்கை அகலத் தட்டில் இவருடைய கிருமியை வளர்த்திருக்கிறார்கள். பால் ஆடை மாதிரி, மங்கலாக, ஒரே சீராக. இதுதானா? இத்தனை நோஞ்சானாகவா இருக்கும்? சாக்கடைத் தண்ணீரைச் சொட்டுவிட்டு மறுநாள் பார்ப்பார்களாம். ஆடையில் ஓட்டை விழுந்தால், அங்கே ஏதோ அதைத் தின்றிருக்கிறது என்று அர்த்தம்.

தட்டு தட்டாக எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். ஒன்றிலும் ஓட்டை இல்லை.

மார்ச் 24

ஓட்டை விழுந்திருக்கிறது! குண்டூசித் தலை அளவுதானாம். போனிலேயே அழுதேன்.

மார்ச் 29

அந்த வைரஸை டிரிப்ஸில் ஏற்றியதிலிருந்து காய்ச்சல் குறைந்து வருகிறது. இன்று சீப்பு கேட்டார். தலையைச் சீவிக்கொண்டு, "மாப்பிள்ளை மாதிரி இருக்கேனா?" என்றார். இருந்தார்.

ஏப்ரல் 2

மறுபடியும் குளிர் நடுக்கம்.

கிருமி மாறிவிட்டதாம். அந்த வைரஸ் பிடித்துக்கொள்ளும் இடத்தையே மாற்றிக்கொண்டு தப்பித்துவிட்டதாம். இத்தனை படித்தவர்களை ஒரு கிருமி ஏமாற்றுமா? "இன்னொண்ணு தேடுறோம்க்கா" என்றாள். தூங்காத கண்கள். அவளைத் திட்டவும் வாய் வரவில்லை.

ஏப்ரல் 4

அவர் காலையே வெட்டி எடுத்துவிட்டார்கள். இனி எப்படி லிப்ட் மேல் ஏறுவார் என்று நினைத்தேன் — பைத்தியம், அதையா நினைப்பது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதாம். ஐசியூ கண்ணாடிக்கு வெளியே அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஏப்ரல் 7

போயிட்டாரு.

ஏப்ரல் 23

வேலைக்குப் போனேன். விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கொரு முனை. எதிரில் நின்றவள் என் முகத்தைப் பார்க்காமலே மடித்தாள்.

எதுக்கு அந்த அஞ்சு நாள் காய்ச்சல் இறங்குச்சு? இறங்காமலே இருந்திருக்கலாம்ல?

மே 6

அந்த ஆராய்ச்சிக்காரப் பெண் வீட்டுக்கு வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். இவருடைய கிருமியைப் பாதுகாத்து, அதைத் தின்னும் வைரஸைத் தொடர்ந்து தேட அனுமதி வேண்டுமாம்.

"இப்ப அது எங்க இருக்கு?" என்றேன்.

"உறைய வச்சிருக்கோம். அப்படியே பல வருஷம் உயிரோட இருக்கும்க்கா."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "அவரு இல்ல. அவரக் கொன்னத மட்டும் நீங்க பத்திரமா வச்சுக் காப்பாத்துவீங்க. அதுக்கு நான் சரின்னு சொல்லணும். எழுந்து போ."

போய்விட்டாள்.

மே 8

சாப்பிடும்போது அத்தை திடீரென்று, "அந்தப் பொண்ணு கிட்ட வச்சுக்கச் சொல்லு" என்றார்.

"நீங்களா சொல்றீங்க?"

"தூக்கிப் போட்டா அது தப்பிச்சமாதிரி ஆயிடும். வச்சுத் தேடட்டும். அதத் தின்றது ஒண்ணு எங்கயாவது இல்லாமலா போயிடும்? அது சாகறத நான் கேட்டுட்டுதான் போவேன்."

தட்டைக் கழுவாமலே போன் செய்தேன். சரி என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 19

மதியம் போன் வந்தது. மாறிப்போன கிருமியையும் கடிக்கும் ஒன்று கிடைத்திருக்கிறது. தட்டு முழுக்கக் கண்ணாடி மாதிரி தெளிந்துவிட்டதாம். அதே ஆஸ்பத்திரியில், பிரசவ ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு பெண்ணுக்கு அதே கிருமி. பழையதையும் புதியதையும் சேர்த்துக் கொடுத்தார்களாம், ஒன்றிடம் தப்பினால் மற்றது பிடிக்கட்டும் என்று. இந்த முறை அதனால் மாறித் தப்பிக்க முடியவில்லை. நேற்று அந்தப் பெண் வீட்டுக்குப் போய்விட்டாள்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நாலு மாசம். இந்த நாலு மாசம் முன்னாடி கிடைச்சிருக்கக் கூடாதா? யாரிடம் கேட்பது?

அத்தையிடம் சொன்னேன்.

"செத்துடுச்சா?"

"செத்துடுச்சாம் அத்தை."

சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவளுக்கு என்ன குழந்தை?" என்றார்.

"கேக்கலையே."

"கேளு."

மறுபடி போன் செய்து கேட்டேன். பெண் குழந்தையாம்.