தூளி தொங்கிய இடம்

ஜூன் 3, செவ்வாய்
தூளிச் சேலையை அவிழ்த்துவிட்டேன். நேற்று கவி அதிலிருந்து தலைகீழாகத் தொங்கினாள், ஓடிப்போய்ப் பிடித்தேன். இரண்டு வயதுக் கழுதைக்கு இன்னும் என்ன தூளி? கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, இடுக்கில் பழைய போர்வையைத் திணித்தாயிற்று. சுவர்ப் பக்கம் அவள், ஓரத்தில் நான். இத்தனை நாளும் ராத்திரியெல்லாம் தூக்கி, ஆட்டி, மறுபடி கிடத்தி... இனியாவது தூங்கலாம்.

ஜூன் 5
விடிகாலையில் கவி வீரென்று அலறினாள். அறை நடுவில், தூளிக் கொக்கிக்கு நேர் கீழே கிடந்தாள். நெற்றியில் புடைப்பு. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். எப்போது எழுந்து ஓடினேன், நினைவில்லை. என்னைத் தாண்டி எப்படி விழுந்தாள்?

கட்டிலைப் பிரித்து மெத்தையைத் தரையில் போட்டுவிட்டோம். தரையில் படுப்பவள் எங்கே விழுவாள்?

ஜூன் 8
மறுபடியும். அதே இடம். உதடு கிழிந்து ரத்தம். மெத்தை நாலு விரல் உயரம்தான்!

இவர் அக்னி தீர்த்தத்துக்கு ஆள் ஏற்ற நாலு மணிக்கே வேனை எடுத்துவிடுவார். அதற்குப் பிறகுதான் நடக்கிறது.

மாடி வீட்டு உமாமகேஸ்வரி அக்கா மெதுவாகக் கேட்டார்: "வெறுந்தூளிய ஆட்டுனியா மதி? என்னமோ வந்து படுத்திருக்கு. அதான் புள்ளைய தள்ளிவிடுது."

"சும்மா இருங்கக்கா" என்று சிரித்தேன். வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஜூன் 9
பகலில்கூட அந்த இடத்தைச் சுற்றித்தான் நடக்கிறேன். கவி என்னிடம் வரமாட்டேன் என்கிறாள். தூக்கப் போனால் ஓடுகிறாள்.

ஜூன் 10
"நாளைக்கு வண்டி எடுக்கல. இங்கனயே முழிச்சு உக்காந்திருக்கேன். எது வருதுன்னு பாத்துருவோம்" என்கிறார்.

ஜூன் 11
அவர் சொன்னதை எழுதுகிறேன்.

நாலரைக்குக் கவி சிணுங்கினாளாம். நான் எழுந்தேனாம். கண் திறந்தே இருந்ததாம். அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கொக்கிக்குக் கீழே போனேனாம். ஒரு கையால் சேலையை விலக்குவதுபோல் விலக்கி, இடுப்பு உயரத்தில், வெறும் காற்றில், அவளைக் கிடத்திவிட்டுக் கையை எடுத்தேனாம்.

"நான் புடிச்சுட்டேன் மதி. நீ அதுக்கப்புறமும் ஆட்டிக்கிட்டே நின்ன."

நானா? ஐயோ, நானா போட்டேன் எம் புள்ளைய? ரெண்டு தடவ?

ஜூன் 12
ராமநாதபுரத்து டாக்டர், தூக்கம் கெட்டால் சிலருக்கு இப்படி வரும், சரியாகிவிடும் என்றார். எப்போது என்று சொல்லவில்லை.

ஜூன் 14
விடிகாலைச் சவாரியை அவர் விட்டுவிட்டார். கவி இனி அவரோடு. நான் அடுத்த அறையில். வெளியே தாழ் போடச் சொன்னேன்.

"உன்னைய போயி பூட்டுறதா?"

"போடுங்கன்னா போடுங்க!" கத்திவிட்டேன். போட்டார்.

ஜூன் 15, ஞாயிறு
கவி வந்து கதவைத் தட்டி எழுப்பினாள். புடைப்பு வற்றியிருக்கிறது. ராத்திரி முழுக்க நன்றாகத் தூங்கினாளாம்.

என் தலையணை அறை நடுவில், தரையில் கிடந்தது.