இடது முன்சில்லுக்கு நாவூறு

ஆகஸ்ட் 3

காரைக் கழுவினேன். மூவுலகமும் அறிந்த கார். மேனி இன்னும் பளபளப்புத்தான். ஆனால் சில்லுக் கம்பிகளுக்குள் எட்டிப் பார்த்தால் - ஐயகோ, துருக் கறளின் பேரரசு! முன்சில்லுகளில் பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் கலிப்பர் இரண்டும், பின்சில்லுகளின் டிரம் இரண்டும், ஒல்லாந்தர் காலத்தில் மூழ்கிய கப்பலிலிருந்து கழற்றி எடுத்தவை போலக் கிடக்கின்றன. வாவிக்கரைக் காற்று அப்படி. வாயைத் திறந்து தூங்கினால் பல்லுக்கும் கறள் ஏறும்.

இந்த வீடு என் மனைவி சுலோஜனாவின் சீதனம். வளவு, தென்னை, கிணறு, கிணற்றுக்குள் இருக்கும் தவளை எல்லாம் அவளுடையவை. பெண் வீட்டில் குடிபுகுந்த மட்டக்களப்பான் எனக்குச் சொந்தம் இந்தக் கார் ஒன்றே.

அடுத்த மாதம் அக்காவின் மகள் மேனுகாவுக்குக் கல்யாணம். எங்கள் குடும்பத்தில் தாய்மாமன் போய்த்தான் மாப்பிள்ளையை அழைத்து வர வேண்டும். பனிச்சங்கேணியிலிருந்து உன்னிச்சைக்கு. இந்தக் காரில்.

ஆகஸ்ட் 5

அக்கா அன்னப்பூரணியின் அழைப்பு.

"தம்பி, மாப்பிள்ளை ஆக்கள் புதுக் கார் ஒண்டு புடிக்கட்டா எண்டு கேக்காங்க. உன்ட சில்லெல்லாம் கறள் புடிச்சுக் கெடக்காம்."

"நான் உயிரோட இரிக்கும் மட்டும் நிதுர்ஷன் வேற காரில ஏற மாட்டான் அக்கா."

"ஏறினா?"

"ரோட்டுக்குக் குறுக்கால படுப்பன்."

"படு. அதுக்கு முதல் சில்லைப் பாரு."

ஆகஸ்ட் 6

காத்தான்குடிக்குப் போனேன். வாகன உதிரிப்பாகக் கடை முனாப், என் முப்பது வருடக் கூட்டாளி. சந்திரனிலிருந்து பார்த்தாலும் தெரிகிற சிவப்புக் கேட்டேன்.

"சிவப்பெல்லாம் இரிக்கி மச்சான். கேற்றுக்கு அடிக்கிற பெயின்ட் மட்டும் வாணா. பிரேக் சூட்டில அப்பளம் மாதிரிப் பொரிஞ்சிரும்" என்று சூடு தாங்கும் பெயின்டை எடுத்து வைத்தான். இரும்பு தெரியும் வரை சுரண்டு, எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் கழுவு, மெல்லிசாகப் பல தரம் அடி, தேயும் இடத்திலும் றப்பரிலும் படவிடாதே என்றான். இவ்வளவு நிபந்தனை என் கல்யாணத்துக்கும் இருக்கவில்லை.

ஆகஸ்ட் 8

மாபெரும் யுத்தம். கச்சான் காற்று எழும்பிப் புழுதியைக் கொண்டுவந்து ஈரப் பெயின்டில் கொட்டுமுன் முடிக்க வேண்டும் என்று விடியலிலேயே காரை ஜக்கில் ஏற்றினேன். கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்ததில் விழுந்த கறளை அள்ளினால் ஒரு பாலம் கட்டலாம். தட்டுக்கும் றப்பருக்கும் பத்திரிகைத் தாள் சுற்றினேன். கலிப்பருக்குச் சிவப்பு, டிரம்முக்குக் கறுப்பு. ஒரு பூச்சு, காயவிட்டு மற்றொரு பூச்சு, மறுபடி ஒன்று. முதுகு போய்விட்டது. திரும்பி வருமோ தெரியாது.

ஆகஸ்ட் 10

பெயின்ட் இறுகுவதற்குச் சூடு வேண்டுமாம். ஓடியும் மெல்லப் பிரேக் பிடித்தும் சூடாக்கினேன். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வாசலில் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். வாவியில் முதலை ஒன்று தலையைத் தூக்கி, பார்த்து, மரியாதையாக ஒதுங்கிற்று. அக்காவிடம் சொன்னேன். "முதலை கைதட்டல்லையா?" என்றாள்.

ஆனால் புதுக் கார்ப் பேச்சு நின்றுவிட்டது. வென்றேன்.

ஆகஸ்ட் 14

இடது முன்சில்லில், கலிப்பரின் அடியில், பெயின்ட் கொப்பளித்திருக்கிறது. மற்ற மூன்றும் கண்ணாடி.

ஆகஸ்ட் 15

சுலோஜனா பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொன்னாள்.

"இஞ்சாருங்க, இது நாவூறு, ஊர்க்கண் பட்டது. ஊரெல்லாம் கொண்டு திரிஞ்சி காட்டினீங்கதானே?"

"நாவூறு எண்டா நாலு சில்லுக்கும் வரோணுமே புள்ள?"

"ரோட்டில நிக்கிறவனுக்கு எந்தப் பக்கம் தெரியும்? இடப்பக்கம்தானே."

தர்க்கத்தில் ஓட்டையில்லை. செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துச் சில்லை மூன்று தரம் சுற்றி நெருப்பில் போட்டாள். நெடி வரவில்லை. வராவிட்டால் நாவூறு நிச்சயம் என்றாள். வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 16

சுரண்டித் திரும்பவும் பூசினேன். பொனற்றைத் திறந்தபோது பிரேக் ஒயில் கொஞ்சம் குறைந்திருந்தது. இந்த வெயிலில் உன்னிச்சைக் குளமே வற்றுகிறது, இது வற்றாதா? ஊற்றி மூடினேன்.

ஆகஸ்ட் 22

அதே சில்லு. அதே இடம். விரலால் தொட்டால் பாலாடை போல உரிந்து வருகிறது. யாருடைய கண் இது, இவ்வளவு குறி பார்த்து?

கண் கழியட்டும் என்று சுலோஜனா காரின் முன்னால் தேசிக்காய் கட்டினாள். நான் மூன்றாம் முறை பூசினேன். ஒயிலும் ஊற்றினேன்.

ஆகஸ்ட் 29

ஏறாவூருக்கு இந்தப் பக்கம் மாடு ஒன்று வீதிக்குக் குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். மிதிகட்டை பஞ்சுக்குள் போவது போல அடிமட்டும் போயிற்று. திரும்ப மிதித்தேன். திரும்பவும். கார் நின்றது. மாட்டுக்கும் காருக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. மாடு என்னைப் பார்த்தது. நான் மாட்டைப் பார்த்தேன். போய்விட்டது.

அங்கேயே ஓரங்கட்டி முனாப்புக்கு அழைத்தேன். மோட்டார் சைக்கிளில் வந்து சில்லைக் கழற்றினான். கலிப்பரைத் தடவி விரலை என் மூக்கடியில் நீட்டினான். சிவப்பாக, வழுவழுவென்று.

"உள்ளுக்கு றப்பர்ச் சீல் வெடிச்சி பிரேக் ஒயில் கசியுது மச்சான். அது பட்டா எந்தப் பெயின்டையும் திண்டுரும். மூணு தரம் பூசினியே, ஒரு தரம் குனிஞ்சி பாக்கல்லையா?"

"நாவூறு எண்டு நெனச்சன்."

"யா அல்லாஹ். நாவூறு எண்டு ஒயிலும் ஊத்தினியா?"

இந்தப் பழைய காருக்கு ஏற்ற சீல் கொழும்பிலிருந்துதான் வர வேண்டுமாம். கல்யாணத்துக்கு முன் வராது. உழவு இயந்திரம் ஒன்றில் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம்.

ஆகஸ்ட் 30

காலையிலிருந்து காரைச் சுற்றி நடக்கிறேன். துடைத்துவிட்டு இன்னொரு பூச்சு அடித்தால் யாருக்குத் தெரியும்? ஒயில் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு ஆமை வேகத்தில் போய் வரலாம். கார் ஊருக்குள் வரும்போது நாலு பேர் பார்ப்பார்கள்...

பின் இருக்கையில் நிதுர்ஷன் வேட்டியும் தலைப்பாகையுமாக இருப்பான். அந்த மாடும் வீதியில்தான் இருக்கும்.

அக்காவுக்கு அழைத்துச் சொன்னேன். பிரேக் ஒயில் கசிகிறது, மாப்பிள்ளையை ஏற்ற முடியாது.

"ஓ. மறுகா என்ன? முதலை வந்து கடிச்சிட்டோ?"

"இல்லக்கா, மெய்யாத்தான்."

"புதுக் கார் எண்டு அவங்க ஒரு கதை சொன்னதுக்கு இப்ப கோவம் கொண்டாடுறாய். அஞ்சு நாள் கெடக்கு, இப்ப வந்து பிரேக் இல்லையாம். தாய்மாமன் வரல்ல எண்டா ஊர் என்னடா கதைக்கும்?"

வைத்துவிட்டாள். என் வாழ்நாளில் நான் சொன்ன மிகச் சின்னக் கதை இது. ஒருவரும் வாங்கவில்லை.

ஆகஸ்ட் 31

மேனுகா அழைத்தாள். "மாமா, எங்களோட கோவமா? அம்மா நேத்திலிருந்து ஒழுங்கா சாப்பிடல்ல" என்றாள். குரல் சரியில்லை. இல்லை புள்ள என்றேன். மேலே ஒன்றும் வரவில்லை. எனக்கு!

செப்டெம்பர் 1

முனாப் கலிப்பரைக் கழற்றித் தந்தான். பத்திரிகையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உன்னிச்சைக்குப் போனேன். பக்கத்து இருக்கைக்காரர் மீனா என்று கேட்டார். இல்லை என்றேன். வேறு நாளென்றால் திமிங்கிலம் என்றிருப்பேன்.

பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. பொட்டலத்தை அவிழ்த்து முன்னால் வைத்தேன்.

மேனுகாதான் முதலில் தொட்டாள். "இதைக் கழட்டினா கார் ஓடாதே மாமா?"

"ஓடாது."

அக்கா சுளகை இறக்கவில்லை. "எங்க வெச்சிடா தெரிய வந்திச்சி?"

"ஏறாவூருக்கு இஞ்சால. மாடு குறுக்கால வந்திச்சி. பிரேக் புடிக்கல்ல."

"எத்தின மாடு?"

"ஒரு மாடு அக்கா."

சுளகு நின்றது. என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கலிப்பரை எடுத்து விரலால் தடவினாள். விரலில் சிவப்பு வந்தது. சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

"சாப்பிட்டியா?" என்றாள்.

செப்டெம்பர் 4

முதல் பஸ்ஸில் பனிச்சங்கேணிக்குப் போனேன். மாப்பிள்ளை வீட்டார் பிடித்த புதுக் கார் வாசலில் நின்றது. அழகான கார். கதவை நான்தான் திறந்துவிட்டேன். நிதுர்ஷன் ஏறியதும், "மாமா, நீங்க முன்னுக்கு இரிங்க. மாடு வந்தா சொல்லோணும்" என்றான். செய்தி அதுவரைக்கும் போயிருக்கிறது. வழியில் எருமைகள் நின்றன. சொன்னேன்.

தாலி நல்லபடியாக ஏறியது.

பந்தி நேரம். எங்கள் பெரியப்பா மகன் வினாயகமூர்த்தி அக்காவிடம் கேட்பது பந்தல் மறைப்புக்கு இப்பால் எனக்குக் கேட்டது.

"எங்க அவன்ட தங்கத் தேர்? மாப்பிள்ளை வேற காரில வாறாரே."

"தம்பிட காருக்குப் பிரேக் சரியில்ல."

"ஆரு, அவனா சொன்னான்?" வினாயகமூர்த்தி வயிறு குலுங்கச் சிரித்தார். "அவன் சொல்லி நீயும் நம்பினாயா?"

"ஓம். அவன் சொன்னா சரிதான்" என்றாள் அக்கா.

நான் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு பந்திக்குப் போனேன்.