அப்பாவுக்குத் தெரியாத வெளிச்சம்

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே மழை விட்டுவிட்டது, என் முட்டிவலி குறைந்திருக்கிறது, அப்பாவுக்குப் பசி நன்றாக எடுக்கிறது, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நலம் என்று எழுதக்கூடியது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அப்பாவின் கண்ணைப் பற்றியது. நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. போனில் சொல்லலாம் என்றால் சிக்னல் கிடைப்பது காவல் கோபுரத்தின் மேல்படியில் மட்டும்தான், அங்கே நின்று பேசினால் கீழே இருப்பவருக்கு ஒரு சொல் விடாமல் கேட்கும். நீ ரகசியம் பேசினா காட்டுல இருக்கிற மானுக்கெல்லாம் தெரிஞ்சிடும் என்று ஏற்கெனவே கேலி செய்கிறவர் அவர்.

அப்பாவோடு காட்டில் ரோந்து போய்க்கொண்டிருந்த விசில் மாமா மாற்றலாகிப் போன பிறகு அந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. இரவு ரோந்துக்கு இரண்டு பேர் போக வேண்டும் என்பது விதி. அதனால் மூன்று மாதமாக நான்தான் அப்பாவோடு நடக்கிறேன், பதிவேட்டில் அவரே இரண்டு பேர் என்று எழுதிக்கொள்கிறார். டார்ச் அடித்தால் மரம் வெட்ட வருகிறவர்களுக்கு நாம் இருக்கும் இடம் தெரிந்துவிடும், ஓடையைக் கடக்கும்போது மட்டும்தான் அடிப்பது. முதல் நாளே என்னை முன்னால் நடக்கச் சொன்னார். நீ முன்னாடி போம்மா, பாம்பு இருந்தா உன்னைப் பார்த்துட்டு அதுவே வழிவிட்டுடும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கைத்தடியின் ஒரு நுனியை என்னிடம் கொடுத்து மறு நுனியை அவர் பிடித்துக்கொண்டார், அதையும் இந்த வயதில் கொஞ்சுகிறார் என்றுதான் நினைத்தேன். முட்டாள் நான்.

போன மாதம் நாலு நாள் விடாமல் மழை பெய்து ஓய்ந்த இரவு, ஓடைக்கு அந்தப் பக்கம் விழுந்து கிடக்கிற பெரிய மரத்தின் கிட்டே போனபோது அப்படியே நின்றுவிட்டேன். மட்கிப்போன அந்த மரம் முழுக்கச் சின்னச் சின்னக் காளான், ஒவ்வொன்றும் பச்சையாக ஒளிவிட்டுக்கொண்டிருந்தது. நெருப்பு மாதிரி இல்லை, சூடு இல்லை, அசைவும் இல்லை. யாரோ உள்ளே உட்கார்ந்து விளக்கைத் தணித்து வைத்த மாதிரி இருந்தது. என் விரலை அருகில் கொண்டுபோனால் நகம்கூடத் தெரிந்தது. பயமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தது எனக்கு. பாருங்க, பாருங்க என்று அவரை உலுக்கினேன். ஆமா, தெரியுது, ரொம்ப நல்லாருக்கு என்றார். திரும்பிப் பார்த்தால் அவர் முகம் எதிர்ப்பக்கம், புதரைப் பார்த்துக்கொண்டிருந்தது. விளையாடுகிறார் என்று நினைத்து ஒரு காளானைப் பட்டையோடு பிய்த்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். அதன் வெளிச்சம் அவர் மூக்கின் மேல் பச்சையாக அடித்தது. அவர் கண் சிமிட்டவில்லை. என்ன, ஈர மண்ணு வாசனை வருது என்றார்.

தடியின் மறு நுனி எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. விசில் மாமா இருந்தவரை, முன்னால் அவர் மெல்ல அடித்துக்கொண்டே போகும் விசில் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே அப்பா நடந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, பகல்ல எனக்குக் கழுகுக் கண்ணு, ராத்திரிதான் கொஞ்சம் மக்கர் பண்ணுது, ஓய்வுக்குப் பதினாலு மாசம் இருக்கு, அதுவரைக்கும் வாயைத் திறந்துடாதே, தெரிஞ்சா அனுப்பிடுவாங்க என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச விடவில்லை.

கண்ணைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை, காளானைப் பற்றித் திறந்துவிட்டேன். சாமான் கொண்டுவந்த ஜீப் ஓட்டுநரிடம், எங்க வீட்டுக்காரர்தான் கண்டுபிடிச்சார் என்று பெருமையாகச் சொன்னேன். ஓய்வு பெறப் போகிற காலத்தில் அவருக்கு ஒரு நல்ல பேர் கிடைக்கட்டுமே என்றுதான் சொன்னேன். அது அதிகாரி காதுக்குப் போய், சனிக்கிழமை தோறும் வெளியூர்க்காரர்களைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. கண்டுபிடித்தவரே கூட்டிப்போவதுதான் மரியாதையாம். காளான் தெரிய வேண்டுமென்றால் ஒரு விளக்கும் எரியக்கூடாது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் நான் செய்திருக்கிறேன். முதல் சனிக்கிழமை அடிகளை எண்ணி எண்ணிப் போய், ஒன்றுமில்லாத ஒரு கட்டையின் முன் நின்று, பாருங்க எப்படி ஜொலிக்குது என்றார். ஐயா தமாஷ் பேர்வழி என்று எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பின்னால் நின்ற நான் இருமி இருமி வழி காட்டினேன். இரண்டாவது சனிக்கிழமை ஓடைக் கரையில் சறுக்கி முழங்கால் கிழிந்தது, பூட்ஸ் தேய்ந்துபோச்சு என்று சொல்லிச் சமாளித்தார். நாளை மறுநாள் பன்னிரண்டு பேர் வருகிறார்கள், அதில் குழந்தைகளும் உண்டாம். உண்மையைச் சொன்னால் வேலையும் இந்தக் குடியிருப்பும் போகும், சொல்லாவிட்டால் யாராவது அவர் பின்னால் நடந்து ஓடையில் விழுவார்கள். எந்தப் பக்கம் திரும்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று பொய் சொல்லிவிட்டு நகரத்துக்குக் கண் மருத்துவரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தம்மா பொறுமையாகக் கேட்டார். ஆளைப் பார்க்காம எதுவும் சொல்ல முடியாது, கூட்டிட்டு வாங்க, மாலைக்கண்ணுல சிலது சரியாகும், சிலது ஆகாது என்றார். நான் எழுந்து வாசல் வரை வந்துவிட்டேன். பிள்ளைங்க இருக்காங்களா என்று கேட்டார். ஒரு பொண்ணு என்றேன். ஒரு வகை குடும்பத்துல வரும், அந்தப் பொண்ணையும் பார்த்துடுங்க என்றார். பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பேச்சு எனக்கு உறைத்தது.

சின்ன வயதில் பொழுது சாய்ந்ததும் நீ வாசல்படியில் இடறுவாய், தண்ணீர்க் குடத்தில் மோதுவாய். கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். ஒருமுறை முதுகில் ஓர் அடியும் வைத்தேன். நீ அழவில்லை, அடுத்த நாளிலிருந்து சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தாய். அடக்கமான பெண் என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். நான் நகரத்திலிருந்து திரும்பிய அன்றுதான் உன் கடிதம் வந்து கிடந்தது. ஸ்கூட்டர் வாங்கிவிட்டேன், ஆய்வுக்கூடத்திலிருந்து இரவு ஒன்பது மணிக்கு நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அப்பா அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டு, நம்ம வீட்டு முதல் பட்டதாரி, இப்ப சொந்த வண்டி என்று பூரித்துப்போனார். நான் படித்துக் காட்டிவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன்.

உனக்கு ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம் மகளே, அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் இரவும் பகலும் வேண்டிக்கொள்கிறேன். பார்த்துக்கொள்ளும் வரை இருட்டில் வண்டி எடுக்காதே, பேருந்தில் வா, கொஞ்சம் நேரமானாலும் பரவாயில்லை. அப்பாவுக்கு நீ தனியாக எதுவும் எழுதிவிடாதே, அவரை எப்படி அழைத்துப்போவது என்று நான்தான் வழி தேட வேண்டும், வழி இன்னும் தெரியவில்லை. நீ நூறு ஆண்டு குறைவில்லாமல் வாழ வேண்டும். இந்த வாரமே கண் மருத்துவரிடம் போ, எனக்கு நல்லா தெரியுதும்மா என்று மட்டும் பதில் எழுதாதே. இருபது வருடமாக உன் அப்பா அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், நீ அவர் மகள். மருத்துவர் எழுதிக் கொடுக்கும் தாளை அப்படியே அனுப்பு.

உன்னை அடித்ததை மறக்க முடியாத,
அம்மா